கிராமப் பாங்கிகளின் திறமையை அளப்பது எவ்வாறு?

ஒரு பாங்கியின் திறமையை அதன் லாபத்தைக்கொண்டு மாத்திரம் தீர்மானித்தல் தவறாகும். குடிகள் செலுத்திய டிபாசிட்டில் எவ்வளவு அவ்விடத்துப் பயிர்த்தொழிலுக்கே கடனாய்த் திரும்புகின்றது, அக்கடன் தவணையில் வசூலாகின்றதா என்னும் இரண்டையும் சேர்த்தே நோக்கல் வேண்டும்.

நெய்வேலியில் 1956-ம் வருஷத்தில் பழுப்பு நிலக்கரிக் கார்ப்பொரேஷன் ஏற்பட்டது. நகரியத்தில் சம்பளம் மாதந்தோறும் வருகின்றது. சுற்றுக் கிராமங்களிலோ நெல், மணிலா, கரும்பு, முந்திரி பயிரிடுவோர்க்கு வரவு அறுவடையில்தான். செலவோ விதைப்பிலேயே தொடங்கிவிடுகின்றது. நகரியத்தில் சேர்ந்த 100 ரூபாயில் 30 ரூபாயே கிராமத்திற்குக் கடனாய்ச் சென்றால், பாங்கிக்கு நஷ்டமில்லை, குடியானவர்க்கு உண்டு. சுரங்கத்திற்கு நிலம் விட்டவரின் ஈட்டுப்பணத்துக்கும் இக்கணக்கே பொருந்தும்.

இக்குறையை நீக்கவே 1975 அக்டோபர் 2-ந் தேதி ஐந்து வட்டாரக் கிராமப் பாங்கிகள் தொடங்கப்பெற்றன. மூலதனத்தில் மத்திய சர்க்கார் 50 சதவீதமும், இராஜ்ய சர்க்கார் 15 சதவீதமும், ஆதரவுப் பாங்கி 35 சதவீதமும் இட்டன. கடலூரில் வள்ளலார் கிராம பாங்கி இருந்தது. அது 2006-ல் தர்மபுரி அதியமான் பாங்கியுடன் கூடிப் பல்லவன் கிராம பாங்கியாயிற்று. 2019-ல் பாண்டியன் கிராம பாங்கியும் சேர, சேலத்தைத் தலைமையிடமாய்க்கொண்ட தமிழ்நாடு கிராம பாங்கி உண்டாயிற்று.

பீஹார் முதலிய கீழ்ப்பிரதேசங்களினும் தென்னாட்டில், டிபாசிட்டுக்கு எதிராய்க் கொடுக்கும் கடன் அதிகம், வசூலும் மேலானது. ஆயினும் இதனைப் பாங்கி உத்தியோகஸ்தரின் சாமர்த்தியமென்று முழுவதும் கொள்ளலாகாது. தென்னாட்டுக் கடனில் பெரும்பங்கு நகையீட்டின்மேல் நிற்கின்றது. பொன் ஈடாயிருக்க, வசூல் நடவாமல் என்ன செய்யும்? பீஹாரிலோ வாய்மொழி வாரமே மிகுதி. உழுபவர் பெயர் பதிவிலில்லை, பாங்கி கடன் தர ஆதாரமுமில்லை. நம் பக்கத்திலும் நகையற்ற குத்தகைக்காரர் நிலை இதனின் வேறன்று.

இதில் பணமும் சிறிதன்று. 2025-26-ம் வருஷத்திலும் ரூ.3 லட்சம் வரை பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். தவணை தவறாதவர்க்கு 4 சதவீதமே. ஒரு லட்சத்திற்கு வருஷ வித்தியாசம் ரூ.3,000. தனி லேவாதேவிக்காரரிடம் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டியானால், அதே தொகைக்கு வருஷம் ரூ.24,000 ஆகும்.

ஆகவே விதைப்புக்கு முன்னரே அடங்கல் நகல் கிடைக்கச் செய்வதும், அதில் மெய்யாகப் பயிரிடுவோர் பெயரைப் பதிவதும் கிராம நிர்வாக அதிகாரிகளின் கையிலுள்ளன. நகல் பத்து நாள் தாமதித்தால் பருவம் தவறும்; குடியானவர் பாங்கிக்குச் செல்லாமல் லேவாதேவிக்காரர் வீட்டுக்கே செல்வார்.