தோற்காமல் நிற்பதும் திறமைதான்



"வயசாயிடுச்சு, பக்கவாதமும் வந்துடுச்சு. இனி மூலையில கெடக்க வேண்டியதுதான்." நம் தோட்டங்களில் எத்தனை வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்டிருப்போம்! இன்று இரண்டு பெரியவர்களைப் பற்றிச் சொல்கிறோம், கேளுங்கள்.

விக்டர் கோர்ச்நோய் பெரிய சதுரங்க வீரர். 1978இலும் 1981இலும் உலகப் பட்டத்துக்காக மோதியவர். 2012இல் அவரைப் பக்கவாதம் தாக்கியது. ஆனாலும் 2015 பிப்ரவரியில், சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், சக்கர நாற்காலியில் வந்து காய் நகர்த்தினார். அப்போது அவருக்கு வயது 83. எதிரே ஜெர்மனியின் வுல்ப்காங் ஊல்மன், வயது 79. நான்கு ஆட்டங்கள். முடிவு 2-2. சமன்!

"அட, யாருமே ஜெயிக்கலையா?" என்று கேட்காதீர்கள். சமன் செய்வது லேசான காரியமில்லை. ஒரு காயைக் கவனிக்காமல் விட்டால் போதும், ஆட்டம் கைவிட்டுப் போய்விடும்.

இரத்த அழுத்தமும் இனிப்பு நீரும் அப்படித்தான். பெரும்பாலும் இவற்றை அடியோடு விரட்ட முடியாது. ஆனால் நம்மை ஜெயிக்க விடாமல் பிடித்து வைக்கலாம். "பிரஷர் எறங்கிடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்" என்பார்கள் சிலர். மாத்திரையால்தானே ஐயா இறங்கியது! நிறுத்தினால் சத்தமில்லாமல் மறுபடி ஏறும். பக்கவாதத்துக்கு முக்கியக் காரணமே அடங்காத இரத்த அழுத்தம்தான்.

ஆகவே நினைவில் வையுங்கள்:

1. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

2. கருவாடு, ஊறுகாய், உப்பு மூன்றையும் குறையுங்கள். சிகரெட்டையும் சம்சுவையும் விட்டொழியுங்கள்.

3. வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். உடனே 999க்குப் போன் செய்யுங்கள். இரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

4. பக்கவாதம் வந்தவரை மூலையில் போட்டுவிடாதீர்கள். டாக்டர் சொன்ன பயிற்சியைத் தினமும் செய்ய வையுங்கள். பேரப்பிள்ளையோடு டாம் ஆடட்டும். சோடா மூடிகள் போதும். ஆட்டம் மாத்திரைக்கு ஈடாகாது. ஆனால், "நானும் இந்த வீட்டில் ஓர் ஆள்" என்ற தெம்பைக் கொடுக்கும்.

கோர்ச்நோய் 2016இல், 85 வயதில் காலமானார். பக்கவாதத்துக்குப் பிறகும் அவர் மூலையில் முடங்கிக் கிடக்கவில்லை.

சரி, உங்கள் வீட்டுப் பெரியவர் இன்றைய மாத்திரையைச் சாப்பிட்டாச்சா? முதலில் போய்க் கேளுங்கள்!