சின்ன ஊரின் குழாய்க் கணக்கு

ஒரு தாளில் இரண்டு வட்டங்கள் வரையுங்கள். முதல் வட்டத்தின் விட்டம் 5 செ.மீ., இரண்டாவது 10 செ.மீ. இவை இரண்டு தண்ணீர்க் குழாய்களின் குறுக்குவெட்டு என்று வைத்துக்கொள்வோம். பெரிய வட்டத்தின் சுற்றளவு இரு மடங்கு. பரப்பளவோ நான்கு மடங்கு! அதாவது, குழாய்ச் சுவரின் கனம் மாறாவிட்டால், இரு மடங்கு இரும்பைக் கொண்டு நான்கு மடங்கு தண்ணீருக்கு வழி செய்துவிடலாம். பெரிய குழாயில் உராய்வின் தடையும் குறைவு. ஆகவே உண்மையில் அதைவிட அதிகமாகவே தண்ணீர் பாயும். பள்ளம் தோண்டும் கூலியோ இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்தக் கணக்கு பெரிய நகரத்துக்கு வரம். சின்ன ஊருக்குச் சாபம். ஆற்றிலிருந்து 20 கிலோமீட்டர் குழாய் பதிக்க வேண்டுமானால், பத்தாயிரம் வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும் செலவு வேறு, 400 வீடுகள் சுமக்கும் செலவு வேறு அல்லவா? அதோடு இன்னொரு சங்கடம். குழாய் 50 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். பணத்தையோ முதலிலேயே கொட்ட வேண்டும். கடன் வாங்காமல் முடியாது. கடன் கொடுப்பவரோ, ‘இத்தனை சிறிய ஊரால் திருப்பித் தர முடியுமா?’ என்று யோசித்து வட்டியைக் கூட்டுவார்.

இங்கேதான் அரசாங்கம் வருகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அது வந்த கதையைப் பார்ப்போம். 1950-இல் தொடங்கிய வறட்சி அங்கே ஏழு ஆண்டுகள் நீடித்தது. மாநிலத்தின் 254 மாவட்டங்களில் 244 பேரிடர்ப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. டல்லஸ் மாநகரமே உப்புக் கரிக்கும் செவ்வாற்று நீரைக் குடிக்க நேர்ந்தது. 1957 வசந்தத்தில் பெருமழை கொட்டி, வறட்சி வெள்ளத்தில் முடிந்தது. அதே ஆண்டில் மாநில நீர் மேம்பாட்டு வாரியம் பிறந்தது. உள்ளூர் நீர்த் திட்டங்களுக்குக் கடன் கொடுக்க 20 கோடி டாலர் வரை கடன் பத்திரங்கள் வெளியிடலாம் என்று மக்கள் நவம்பரில் வாக்களித்து அனுமதி தந்தார்கள்.

மாநிலத்தை நம்பி மக்களும் நிறுவனங்களும் குறைந்த வட்டிக்கே பத்திரம் வாங்குவார்கள். அந்தப் பணத்தை மாநிலம் ஊர்களுக்குக் கடனாகத் தரும். யோசித்துப் பார்த்தால், அது ஊருக்குக் கொடுப்பது பணத்தைவிடத் தன் நற்பெயரைத்தான்.

நற்பெயருக்கு என்ன விலை? நமது 400 வீட்டு ஊருக்கு 20 லட்சம் டாலர் தேவை, 30 ஆண்டுத் தவணை என்று கொள்வோம். வட்டி 6 சதவீதமானால் ஆண்டுக்குச் சுமார் 1,45,000 டாலர் கட்ட வேண்டும். வீட்டுக்கு 363 டாலர். 3 சதவீதமானால் சுமார் 1,02,000. வீட்டுக்கு 255 டாலர். முப்பது ஆண்டில் ஊருக்கு மிச்சமாவது ஏறக்குறைய 13 லட்சம் டாலர்!

1987-இல் அமெரிக்க நடுவண் அரசு இந்த யோசனையை நாடு முழுவதற்கும் விரித்தது. அதற்கு முன் கழிவுநீர் நிலையங்களுக்கு அது மானியம் தந்துவந்தது. மானியம் ஒருமுறை செலவானால் தீர்ந்தது. மாறாக, ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சுழல் நிதி ஏற்பட்டது. நடுவண் அரசு தருவதில் ஐந்தில் ஒரு பங்கை மாநிலமும் போட வேண்டும். ஓர் ஊர் திருப்பிக் கட்டிய பணம் அடுத்த ஊருக்குப் போகும். நம் மகளிர் குழுக்களில் அம்மாவோ அத்தையோ உறுப்பினராக இருந்தால் கேட்டுப் பாருங்கள், சுழல் நிதியை நன்றாகவே விளக்குவார்கள். 1996-இல் குடிநீருக்கும் இதே ஏற்பாடு வந்தது.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை உண்டு. கடன் கேட்க விண்ணப்பம் வேண்டும். விண்ணப்பத்துக்குப் பொறியாளரின் அறிக்கை வேண்டும். மாநகரத்தில் பொறியாளர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். 400 வீட்டு ஊரில் மோட்டார் போடுபவரும் கணக்கு எழுதுபவரும் ஒருவராகவே இருக்கக்கூடும். வரைபடம் போடவே பணம் இல்லாத ஊர் வரிசையில் கடைசியில் நிற்கிறது. மிகவும் தேவைப்படுபவருக்கே உதவி தாமதமாவது, என் எண்ணத்தில், இந்தத் திட்டங்களின் பெரிய குறை.

டெக்சாஸ் இதை அறியாமல் இல்லை. 2013-இல் 200 கோடி டாலரில் புதிய நீர் நிதியை ஏற்படுத்தியபோது, குறைந்தது 10 சதவீத உதவி கிராமப்புறத்துக்கும் வேளாண் நீர்ச் சிக்கனத்துக்கும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். 2023-இல் மக்கள் மேலும் 100 கோடி டாலர் நிதிக்கு வாக்களித்தார்கள். அதிலும் சிறிய ஊர்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஒன்றரை லட்சத்துக்குக் குறைவான மக்கள் வாழும் நகரங்களும் அதே பங்கில் சேரும். 400 வீட்டு ஊர் அங்கேயும் தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஊர்களோடுதான் வரிசையில் நிற்க வேண்டும்.