கரை கற்பித்த கடற்பயணம்

2017ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10ஆம் நாள் கோவாவிலிருந்து 'தாரிணி' என்னும் பாய்மரப் படகு புறப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 17 மீட்டர். இந்தியக் கடற்படையைச் சேர்ந்த ஆறு பெண் அதிகாரிகள் மட்டுமே அதில் இருந்தனர். காற்றின் துணைகொண்டு உலகைச் சுற்றிவருவதே அவர்தம் நோக்கம்.

தலைவியாக இருந்தவர் வர்த்திகா ஜோஷி. அவரும் பாயல் குப்தாவும் உத்தராகண்ட் மாநிலத்தவர். பிரதிபா ஜாம்வால் இமாச்சலப் பிரதேசத்தையும், விஜயா தேவி மணிப்பூரையும், ஐஸ்வர்யா பொட்டபதி தெலங்கானாவையும் சேர்ந்தவர்கள். இந்நான்கு மாநிலங்களுக்கும் கடற்கரையே இல்லை. விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த சுவாதி ஒருவரே கடலோர ஊரினர். கடலைக் கண்டு வளராதவர்கள் எவ்வாறு உலகக் கடல்களைக் கடக்கத் துணிந்தனர்? அவர்கள் முதலில் மேற்கொண்ட கரையோரப் பயணங்களில் இதற்கு விடை இருக்கிறது.

பயிற்சியின் தொடக்கம்

இவர்களுக்குப் பயிற்சி அளித்தவர் திலீப் தோண்டே. பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றிவந்த முதல் இந்தியர் இவரே. அப்பயணத்தை அவர் 2010ஆம் ஆண்டு நிறைவு செய்தார். அவர் செலுத்திய 'மாதேய்' என்னும் படகே இவ்வறுவருக்கும் வகுப்பறையாயிற்று. 2016ஆம் ஆண்டில் விசாகப்பட்டினத்துக்கும் கோவாவுக்கும் இடையிலும், கோவாவிலிருந்து போர்பந்தருக்கும் அவர்கள் பயணம் செய்தனர்.

விசாகப்பட்டினத்திலிருந்து கோவாவுக்கு வரும் வழி நிலப்படத்தில் எளிதாகத் தோன்றும். ஆயினும் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இடையே இராமர் பாலம் எனப்படும் மணல்திட்டுகள் உள்ளன. அங்குக் கடலின் ஆழம் மிகக் குறைவு. ஆதலால், நீருக்குள் ஆழ்ந்திருக்கும் அடிப்பகுதியை உடைய படகுகள் இலங்கையின் தென்புறமாகச் சுற்றிச் செல்லவேண்டும். கடலில் வழி என்பது தொலைவை மட்டும் பொறுத்ததன்று; ஆழத்தையும் பொறுத்தது. புதிய மாலுமி கற்கும் முதற்பாடம் இதுவே.

காற்றை எதிர்த்துச் செல்லுதல்

காற்றின் திசையை அறிதல் இரண்டாம் பாடம். தமிழ்க் கடலோர மக்கள் கிழக்கிலிருந்து வீசும் காற்றைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கச்சான் என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் பெயரிட்டு அழைத்தனர். ஒவ்வொரு காற்றும் ஒவ்வொரு வேலைக்கு உரியது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

காற்று பின்னாலிருந்து வீசினால் படகு முன்னே செல்லும் என்பதைச் சிறுவரும் அறிவர். எதிர்க்காற்றில் படகு எவ்வாறு முன்னேறும்? காற்று வரும் திசையை நோக்கி எந்தப் பாய்மரப் படகும் நேராகச் செல்ல இயலாது. எனவே மாலுமி படகை ஏறத்தாழ 45 பாகை சாய்வாகச் செலுத்துவார். வளைந்த பாயின் இருபுறமும் காற்று பாயும்போது, பறவையின் சிறகில் நிகழ்வதைப்போலவே இழுவிசை உண்டாகிறது. அவ்விசை படகைப் பக்கவாட்டிலும் தள்ளும். படகின் அடியிலுள்ள கனமான தகடு போன்ற பகுதி அதைத் தடுத்துவிடும். சிறிது தொலைவு இடப்புறமும், பின்னர்ச் சிறிது தொலைவு வலப்புறமுமாக மாறிமாறிச் சென்று படகு முன்னேறும்.

டிசம்பர்த் திங்களில் மேற்குக் கரையோரம் பகலில் பெரும்பாலும் வடமேற்கிலிருந்து காற்று வீசும். கோவாவிலிருந்து வடக்கே செல்லும் படகுக்கு அது எதிர்க்காற்று. இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்வதால், நிலத்திலிருந்து கடல்நோக்கி மென்காற்று வீசும். அதனைப் பயன்படுத்தத் தெரிந்தவர் இரவிலும் வழியைக் கடப்பர்.

கரை அருகில் இருந்தால் அச்சமில்லையா?

கரை கண்ணுக்குத் தெரிந்தால் பாதுகாப்பு என்றே பலரும் எண்ணுவர். மாலுமியின் எண்ணம் இதற்கு நேர்மாறானது. நடுக்கடலில் புயல் படகைத் தள்ளினாலும் மோதுவதற்கு அங்கு எதுவும் இல்லை. கரையருகிலோ பாறையும் மணல்திட்டும் காத்திருக்கும். கரையை நோக்கிப் பெருங்காற்று வீசும்போது, துறைமுகத்துள் நுழைய வழியில்லையெனில், கரையைவிட்டு விலகிக் கடலுக்குள் செல்வதே நலம். கரைசேர விரும்பும் மனத்தை அடக்கி அவ்வாறு முடிவெடுக்கத் துணிவு வேண்டும்.

இன்னும் பல இடர்கள் உள்ளன. மீனவர் விரித்த வலைகள் சுக்கானில் சிக்கக்கூடும். பெரிய சரக்குக் கப்பல்கள் உடனே நிற்கவும் திரும்பவும் இயலாதவை. காம்பே வளைகுடாவை ஒட்டிய கடலில் ஓதங்கள் மிக வலியவை. நீரோட்டம் படகை வழியினின்று விலக்கிவிடும். ஆகவே கரையோரப் பயணத்தில் கண் அயர இடமில்லை. மாலுமிகள் முறைவைத்து இரவும் பகலும் காவல் இருப்பர். ஒருவர் தன் காவலில் உறங்கிவிட்டால், மற்ற ஐவர் உயிருக்கும் அது கேடாகும்.

பாய்களைச் சுருக்கும் காலத்தை அறிதலும் இன்றியமையாதது. காற்று வலுத்தபின் சுருக்க முயன்றால் கைகள் தளரும், கயிறுகள் சிக்கும். 'சுருக்கலாமா?' என்ற எண்ணம் எழும்போதே சுருக்கிவிட வேண்டும் என்பது மாலுமிகளின் விதி. மேல்தளத்தில் நடமாடுவோர் தம் உடலைக் கயிற்றால் படகோடு பிணைத்துக்கொள்வதும் அவ்வாறே. அலைகளுக்கிடையே விழுந்தவரின் தலை சில நொடிகளில் கண்ணுக்கு மறைந்துவிடும்.

கற்றவை காத்தன

கரையோரத்தில் பழகிய இவ்வொழுங்குகள் பெருங்கடலில் பயன்பட்டன. பசிபிக் பெருங்கடலில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் வீசிய காற்றைத் தாரிணி எதிர்கொண்டது. 2018 சனவரியில் தென்னமெரிக்காவின் தென்முனையான ஹார்ன் முனையைக் கடந்தது. பின்னர் இந்தியப் பெருங்கடலில் சுக்கானை இயக்கும் அமைப்பு பழுதுற்றது. தாயகம் அண்மையில் இருந்தபோதிலும், அவர்கள் விரைந்து செல்ல முனையவில்லை. மொரீசியசில் நின்று பழுதை நீக்கியபின்னரே பயணத்தைத் தொடர்ந்தனர். 21,600 கடல் மைல்களுக்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்து, 2018 மே 21ஆம் நாள் கோவாவை அடைந்தனர். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர்.

மலைநாட்டில் பிறந்தவரும் கடலைக் கற்கலாம் என்பதை இப்பயணம் காட்டுகிறது. ஆயினும் துணிவு மட்டும் அவர்களைக் கரைசேர்க்கவில்லை. சிறிய வழியில் செய்த பிழைகளைத் திருத்திக்கொண்டு, ஒவ்வொரு நாளும் காவல் தவறாமல் இருந்த பழக்கமே அவர்களைக் காத்தது.

சிந்தித்து விடை எழுதுக

1. கடலில் வழி ஆழத்தையும் பொறுத்தது என்பதை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. எதிர்க்காற்றில் பாய்மரப் படகு எவ்வாறு முன்னேறுகிறது?
3. பெருங்காற்றின்போது மாலுமி கரையைவிட்டு விலகுவது ஏன்?