வாலைப் பார்க்கும் முன் தாயைப் பாருங்கள்

"அண்ணாச்சி, கிளிமூக்கு விசிறிவால் சேவல் வளர்க்கலாமா?" எங்க சேரன்மகாதேவிப் பக்கம் இயற்கை விவசாயத்துக்கு வர்ற இளைஞர்கள் நெல் ரகத்தைக் கேட்கிறாங்களோ இல்லையோ, இதைக் கேட்டுடுறாங்க. வளர்க்கலாம். ஆனா எதைப் பார்த்து வாங்குறோம், எதைப் பார்த்து இனம் சேர்க்கிறோம், எதுக்குப் பரிசு கொடுக்கிறோம் என்கிற மூணும் தெளிவா இருக்கணும். ஏன்னா, நாம எதை மெச்சுகிறோமோ அதுதான் நாலு தலைமுறையில் இனமாக நிற்கும்.

இது அசீல் வழியில் வந்த நம்ம தமிழ்நாட்டுப் பறவை. கிளியைப் போலக் குட்டையாக வளைந்த அலகு, பின்னால் விசிறி மாதிரி விரிந்து நீண்ட வால், நிமிர்ந்த நடை. மயில், கீரி, காகம் என்று நிறத்துக்கு நிறம் பேர் உண்டு. இதை வளர்ப்பது சண்டைக்கு அல்ல, அழகுக்கு. சேவலைச் சண்டைக்குத் தூண்டுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள். திண்டுக்கல் போன்ற ஊர்களில் இதற்கென்றே கண்காட்சி நடக்கிறது. லட்ச ரூபாய் வரை விலை சொல்கிறார்கள். அந்த விலைதான் நம்ம இளைஞர்களை இழுக்கிறது.

வால் மோகம் நமக்கு மட்டும் உள்ளதல்ல. ஜப்பானின் ஷிகோகு தீவில், முன்பு டோசா என்றும் இப்போது கோச்சி என்றும் அழைக்கப்படும் பகுதியில் 'ஓனகடோரி' என்றொரு கோழி இருக்கிறது. பெயருக்கே நீண்ட வால் பறவை என்றுதான் பொருள். நம்ம சேவல் ஆண்டுக்கு ஒருமுறை இறகு உதிர்த்துப் புது இறகு விடும். ஓனகடோரிச் சேவலின் வால் இறகுகள் உதிர்வதில்லை, வளர்ந்துகொண்டே போகும். 10 மீட்டருக்கு மேல் வளர்ந்த வால் உண்டு. 1952-இல் ஜப்பான் அரசு அதைச் சிறப்பு இயற்கைச் சின்னமாக அறிவித்தது.

ஆனா அந்த வாலுக்கு ஒரு விலை இருக்கு. வால் தரையில் படாமல் இருக்க, ஆள் உயரத்துக்குக் குறுகலான பெட்டி செய்து, அதன் உச்சியில் சேவலை உட்கார வைத்து வளர்ப்பார்கள். அவ்வப்போது வெளியே எடுத்து நடக்க விடுவார்கள். மேய்ச்சலும் மண்குளியலும் அந்தப் பறவைக்கு அபூர்வம். வால் ஒன்றையே குறியாக வைத்தால் கோழி எங்கே போய் நிற்கும் என்பதற்கு அது ஒரு பாடம். நம்ம விசிறிவால் இன்னும் மேய்கிற கோழியாகத்தான் இருக்கிறது. அது அப்படியே இருக்கணும்.

இனம் சேர்ப்பதற்கு வருவோம். வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் சேவலைச் சுற்றியே நிற்பார்கள். ஓரத்தில் மேய்கிற பெட்டையை யாரும் பார்ப்பதில்லை. குஞ்சுக்குப் பாதி மரபு தாயிடமிருந்துதான் வருகிறது. ஆண் ஹார்மோன் சுரப்பதால்தான் சேவலுக்கு நீண்ட வால் வருகிறது என்று நினைக்கிறோம். உண்மை நேர்மாறு. பெட்டையின் சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் அந்த இறகை வளரவிடாமல் அடக்குகிறது. சூலகம் கெட்டுப்போன கிழட்டுப் பெட்டைக்குச் சேவல் மாதிரி வால் முளைப்பதை நம்ம ஆச்சிமார் பார்த்திருப்பார்கள். அதாவது, வாலுக்கான மரபு பெட்டைக்குள்ளேயும் இருக்கிறது, வெளியே தெரிவதில்லை. அதனால் பெட்டையை எடை போட அதன் அண்ணன் தம்பிச் சேவல்களைப் பாருங்கள். அது ஏற்கெனவே பெற்ற சேவல் குஞ்சுகள் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

அடுத்தது இரத்த உறவு. நல்ல சேவல் ஒன்று கிடைத்துவிட்டால் அதையே அதன் மகள்களோடும் சேர்க்கும் பழக்கம் இருக்கிறது. அப்பன் மகள் சேர்க்கையோ, அண்ணன் தங்கை சேர்க்கையோ, உள்ளினக் கலப்பின் அளவு 25 சதவீதம். ஒரு தகப்பன், வேறு வேறு தாய் என்றால் 12.5 சதவீதம். இது தொடர்ந்தால் முட்டை பொரிப்பு குறையும், குஞ்சு தாங்காது. பத்துப் பெட்டைக்கு ஒரே சேவல் வைத்திருந்தால், மரபுக் கணக்கில் உங்கள் பண்ணையில் இருப்பது நாலு பறவைக்கும் குறைவு. அதே கொட்டிலில் மூணு சேவல், ஒன்பது பெட்டை என்றால் அந்தக் கணக்கு ஒன்பதாக உயர்கிறது. ஆகவே, ஆளுக்கொரு சேவல் வாங்குவதைவிட நாலு விவசாயிகள் சேர்ந்து சேவலை மாற்றிக்கொள்வது லாபம். காலில் வளையம், கையில் ஒரு நோட்டு. எந்த முட்டை எந்தப் பெட்டைக்கு, எந்தச் சேவலுக்கு என்று எழுதி வையுங்கள். பேரேடு இல்லாத பண்ணையில் வம்சம் பேசுவது வெறும் பேச்சு.

பெட்டை கனமானது, அடை உட்கார்ந்தால் முட்டையை மிதித்து உடைக்கும். சிறுவிடைக் கோழியை அடை வைப்பது நல்லது. 21 நாளில் குஞ்சு.

தாமிரபரணிக் கரையில் வளர்ப்பவர்களுக்குச் சேறுதான் முதல் எதிரி. பிசானத்துக்குத் தண்ணீர் வந்து, ஐப்பசி கார்த்திகை மழையும் சேர்ந்தால், வால் நுனி சகதியில் ஊறி ஒடியும். கொட்டில் தரையை மேடாக்கி ஆற்று மணலோ உமியோ போடுங்கள். பரண் இரண்டடி உயரம் போதும். கனத்த பறவை உயரத்திலிருந்து குதித்தால் பாதம் புண்ணாகும். பரணைச் சுவரை ஒட்டிப் போட்டால் வால் உரசித் தேயும், தள்ளிப் போடுங்கள். பேனுக்கும் செள்ளுக்கும் சாம்பலும் மணலும் கலந்த குளியல் குழி வேண்டும்.

இறகு முழுக்கப் புரதம். அதற்குக் கந்தகம் உள்ள மெத்தியோனின் வேண்டும். கடலைப் புண்ணாக்கில் அது குறைவு, எள்ளுப் புண்ணாக்கில் அதிகம். தீவனத்தில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு எள்ளுப் புண்ணாக்கு சேருங்கள். இறகு உதிர்க்கும் காலத்தில் கரையான், கருவாட்டுத்தூள் கூடுதலாகக் கொடுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி கட்டாயம். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கிய, வாய்வழி கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தும் உண்டு. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். கீழாநெல்லி, மஞ்சள், சீரகம் எல்லாம் துணைக்கு, தடுப்பூசிக்குப் பதிலாக அல்ல.

இனி பணம். வங்கியில் உட்கார்ந்து கடன் மனு பார்த்த கண்ணால் சொல்கிறேன். ஒரு பெட்டை வருஷத்துக்கு 40 முட்டை இடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 பொரித்து, சேதாரம் போக 16 நிற்கும். அதில் எட்டு சேவல். அந்த எட்டில் கண்காட்சித் தரம் ஒன்றோ இரண்டோ. மிச்சம் பதினாலை என்ன விலைக்கு விற்பீர்கள்? கறி விலைக்கு. அந்தப் பதினாலும் கறி விலையிலேயே தீவனச் செலவைத் தாங்கினால் தைரியமாக இறங்குங்கள். பரிசுச் சேவல் விலையை நம்பித்தான் கணக்கு நிற்கிறது என்றால், நகையை அடகு வைக்காதீர்கள். உங்களிடம் வாங்குகிறவர் அடுத்தவருக்கு விற்கவே வாங்குகிறார் என்றால் அது சந்தை இல்லை, சங்கிலி. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு சரிந்தபோது நாம் பார்த்தது அதைத்தான்.

கண்காட்சி நடத்தும் நண்பர்களுக்கு ஒரு கோரிக்கை. தீர்ப்பு நடுவர் வாயில் இருக்கக்கூடாது, எழுத்தில் இருக்கணும். பிரிட்டனில் 1865-லேயே கோழி இனங்களுக்கு எழுத்தில் இலக்கணம் வகுத்துப் புத்தகம் போட்டார்கள். நமக்கு 100 மதிப்பெண்ணுக்கு என் யோசனை இது: கால், நெஞ்சு, உடற்கட்டு 30. வால் 25. அலகு, கண், முகம் 20. நடை, சுறுசுறுப்பு 15. இறகுத் தூய்மை, பேன் இல்லாமை 10.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சோதனை. தரையில் பத்துக் கம்பு மணியைப் போடுங்கள். அலகு அளவுக்கு மீறி வளைந்து, மேலும் கீழும் பொருந்தாத சேவல் அதைப் பொறுக்கத் திணறும். பொறுக்க முடியாத சேவலுக்கு, வால் எவ்வளவு நீளம் இருந்தாலும் பரிசு இல்லை. கூடவே, தாய்ப் பெட்டையும் உடன் பிறந்த வெடைகளும் சேர்த்துக் காட்டுகிற குடும்பப் பிரிவு ஒன்றும் வையுங்கள். பெட்டைக்குப் பரிசு கிடைக்கும் என்று தெரிந்தால் பெட்டையைக் கறிக்கு விற்க மாட்டார்கள்.

இந்த வருஷம் தொடங்க நினைப்பவர்கள் ஒரு நல்ல சேவலுக்குக் கொடுக்கிற பணத்தில், உறவில்லாத இரண்டு நடுத்தரச் சேவலும் வம்சம் தெரிந்த நாலு பெட்டையும் வாங்குங்கள். வால் மூணாவது வருஷம் தானாக வரும்.