மழையின்றிச் சொட்டும் கூரை

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் மரங்கள் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மழை குறைவு. எனினும் அம்மாதங்களிலுங்கூடச் சில வீடுகளில் விடியற்காலையில் தகரக் கூரையின் அடிப்புறத்திலிருந்து நீர் சொட்டுகின்றது. பாயும் தலையணையும் ஈரமாகின்றன. துணி அலமாரியைத் திறந்தால் பூஞ்சண வாடை வீசுகின்றது. கூரை ஒழுகுவதாக ஆபீசில் புகார் செய்கின்றோம். ஆணித் துவாரங்களை அடைத்துவிட்டுச் செல்கின்றனர். மறுநாளும் நீர் சொட்டுகின்றது. குடியிருப்போர் நிர்வாகத்தையும், நிர்வாகம் குடியிருப்போரையும் குறைகூறும் நிலை உண்டாகின்றது. இந்நீர் எங்கிருந்து வருகின்றது என்பதை அறிந்தாலன்றி இக்குறை தீராது.

காற்றில் உள்ள நீர்

காற்றில் எப்பொழுதும் நீராவி கலந்திருக்கின்றது. வெப்பமான காற்று அதனை மிகுதியாகத் தாங்கும். குளிர்ந்த காற்றால் அவ்வாறு தாங்க இயலாது. 30 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையிலோ 17 கிராமுக்கு மேல் தாங்காது. எஞ்சியது நீர்த்துளியாக மாறிவிடும். ஐஸ் போட்ட குவளையின் வெளிப்புறம் நனைவது இக்காரணத்தால்தான். குவளை ஒழுகுகிறது என்று நாம் எவரும் கூறுவதில்லை.

வானம் தெளிந்த இரவில் தகரக் கூரை தன் வெப்பத்தை விரைவில் இழந்து, வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகின்றது. வீட்டினுள் இருக்கும் நீராவி மேலெழுந்து அக்குளிர்ந்த தகரத்தில் பட்டதும் நீராகின்றது. தீபகற்ப மலேசியாவில் மழை குறைவாகப் பெறும் வட்டாரங்களுள் ஒன்று ஜெலுபு. அத்தகைய இடத்திலும் கூரை நனையக்கூடும் என்பதிலிருந்து, இவ்வீரத்திற்கு மழை தேவையில்லை என்பது விளங்கும்.

வீட்டினுள் அவ்வளவு நீராவி ஏது என்று கேட்கலாம். உறங்கும் ஒருவர் மூச்சினாலும் வியர்வையினாலும் ஓர் இரவில் ஏறக்குறைய கால் லிட்டர் நீரைக் காற்றில் சேர்க்கின்றார். ஆறு பேர் உறங்கும் வீட்டில் இது ஒன்றரை லிட்டராகும். சமையல் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நீராவி உண்டாகும். உலையில் கொதிக்கும் நீர் இதற்குப் புறம்பானது. வீட்டினுள் ஈரத்துணியைக் காயவைத்தால், துணியிலுள்ள நீர் முழுவதும் அறைக்காற்றில் கலக்கின்றது. குளிருக்கும் கொசுவுக்கும் அஞ்சி எல்லாச் சன்னல்களையும் சாத்திவிடும்போது இவை யாவும் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடுகின்றன.

சீட் ரப்பர் தயாரிப்போர் இவ்வுண்மையை நன்கு அறிவர். புகைக்கூடத்தில் வெப்பம் மட்டும் போதாது. ஈரக்காற்று வெளியேறத் திறப்புகளும் வேண்டும். முதல் நாளில் அத்திறப்புகளை மூடிவைத்தால் ரப்பர் சரிவரக் காயாது. பின்னர் பூஞ்சணம் பிடித்து அதன் தரமும் விலையும் குறையும். ரப்பருக்குத் தரும் காற்றோட்டத்தை நம் குழந்தைகள் உறங்கும் அறைக்கு மறுக்கலாமா?

மூவகை ஈரம்

வீட்டில் தோன்றும் ஈரம் மூன்று வகைப்படும். கூரை ஒழுக்கு மழைக்குப் பின்னரே தோன்றும். ஆணித் துவாரம், தகரங்கள் சேரும் இடம் முதலியவற்றுக்கு நேர்கீழே பழுப்பு நிற வளையத்தை விட்டுச்செல்லும். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுவரின் அடிப்பாகத்தில் தங்கி, வெண்மையான உப்புப் படிவத்தைக் காட்டும், சாந்து உதிரும். நீராவியால் உண்டாகும் ஈரமோ விடியற்காலையில் தகரமெங்கும் நுண்ணிய துளிகளாகப் பரவி நிற்கும். வெயில் ஏறியதும் மறைந்துவிடும்.

சுவர் ஈரம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதில் ஐயம் எழுந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு சாண் சதுரமுள்ள பிளாஸ்டிக் தாளைச் சுவரின்மீது வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இடைவெளியின்றி ஒட்டுங்கள். இரண்டு நாட்கள் கழித்துப் பாருங்கள். தாளின் மேற்புறம் நனைந்திருந்தால் ஈரம் அறைக்காற்றிலிருந்து வந்தது. தாளுக்கும் சுவருக்கும் இடையே நனைந்திருந்தால் அது சுவரினுள்ளிருந்தோ நிலத்திலிருந்தோ வருகின்றது.

நாம் செய்யக்கூடியவை

சமைக்கும்போது பாத்திரத்தை மூடிவையுங்கள். அடுக்களைச் சன்னலைத் திறந்துவையுங்கள். ஈரத்துணியையும் வேலை உடையையும் உறங்கும் அறையில் தொங்கவிடாதீர்கள். கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள காற்று வழிகளைச் சாக்கினாலோ அட்டையினாலோ அடைத்தல் கூடாது. கொசுத் தொல்லை இருப்பின் கம்பிவலை அடிப்பதே தக்க வழியாகும். வேலை முடிந்து திரும்பியதும், வெயில் உள்ள வேளையில், எதிரெதிரான சன்னல்களைத் திறந்துவைத்தால் காற்று ஊடுருவிச் செல்லும்.

ஈரம் கண்ணுக்குத் தெரியாத இடங்களிலேயே மிகுதியாகத் தங்கும். அலமாரியையும் கட்டிலையும் சுவரைவிட்டு நான்கு விரற்கடை தள்ளிப் போடுங்கள். அரிசி மூட்டையைப் பலகையின்மீது வையுங்கள். தரையில் விரிக்கும் மெத்தையை நாள்தோறும் தூக்கி நிறுத்துங்கள். உட்கூரை அடிக்க விரும்புவோர் அதற்கு மேலே காற்று உலவ வழி வைத்தல் வேண்டும். இல்லையேல் சொட்டும் நீர் பார்வைக்கு மறையுமேயன்றி நிற்காது. உத்திரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். கறைபட்ட சுவரின்மீது சாயம் பூசுவதும் நோயை மூடிமறைப்பது போன்றதே.

பூஞ்சணத்தை உலர்ந்த துணியால் தட்டினால் அதன் நுண்துகள்கள் காற்றில் பரவும். மூக்கையும் வாயையும் துணியால் மறைத்து, கையுறை அணிந்து, சவர்க்கார நீரால் நனைத்துத் துடையுங்கள். வெளுப்பு நீரைப் பயன்படுத்துவோர் அதனுடன் கழிவறை கழுவும் அமிலத்தையோ அம்மோனியாவையோ ஒருபோதும் கலக்கக்கூடாது, நச்சுவாயு உண்டாகும். பழைய அஸ்பெஸ்டாஸ் கூரையைச் சுரண்டவோ உடைக்கவோ வேண்டாம். அதன் தூள் நுரையீரலுக்குப் பெருந்தீங்கு செய்யும்.

பொறுப்பு யாருடையது?

ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் வளரும் குழந்தைகளுக்கு இருமலும் மூச்சிரைப்பும் வரும் வாய்ப்பு அதிகம். ஆதலின் இதனைச் சிறு தொல்லை என்று கருதி விடுதல் தகாது. வீட்டுக் காற்றோட்டத்தைக் காப்பது குடியிருப்போர் கடமை. கூரை ஒழுக்கும், நிலத்திலிருந்து ஏறும் ஈரமும், அடைபட்ட சாக்கடையும் தோட்ட நிர்வாகம் சீர்படுத்த வேண்டியவை. தொழிலாளர் வீடமைப்பின் குறைந்தபட்சத் தரம் பற்றி 1966இல் இயற்றப்பட்ட சட்டத்திற்குப் பதிலாக, 1990இல் 446ஆம் எண் சட்டம் வந்தது. 2019இல் அது திருத்தப்பட்டது. முதலாளி தாம் அளித்துள்ள வீடுகளை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் கட்டளை.

புகார் செய்யுமுன் ஒரு வார காலம் கவனித்து, ஈரம் தோன்றிய நாள், நேரம், இடம், அன்று மழை பெய்ததா என்பவற்றைப் பிள்ளைகளின் பள்ளி நோட்டு ஒன்றில் குறித்துவையுங்கள். ‘வீடு ஒழுகுகிறது’ என்ற பொதுச்சொல்லைவிட, ‘மழை பெய்த மூன்று நாட்களிலும் அடுக்களையின் வடமூலையில் ஒழுகியது’ என்ற குறிப்புக்கு வலிமை அதிகம். அக்குறிப்புடன் நிர்வாகியிடம் எழுத்து மூலம் தெரிவித்து, ஒரு நகலைத் தம்மிடம் வைத்துக்கொள்ளுதல் நன்று. அதன் பின்னரும் பழுது நீக்கப்படாவிடில் தொழிற்சங்கப் பிரதிநிதியையோ, தொழிலாளர் இலாகாவையோ அணுகலாம். நம் பங்கை நாம் செய்து, பிறர் செய்ய வேண்டியதை ஆதாரத்துடன் கேட்போமாயின், அக்கோரிக்கையை எவரும் எளிதில் தள்ளிவிட இயலாது.