வேட்டைப் பூட்ஸின் உழைப்பும் தேய்மானமும்

வேட்டைப் பூட்ஸ் என்பது காடு, சதுப்பு, மலைச்சரிவு, பனி ஆகியவற்றில் நாள் முழுவதும் நடப்பதற்காகச் செய்யப்படும், கணுக்காலுக்கு மேல்வரை உயர்ந்த தோல் காலணி ஆகும். சட்டப்படி வேட்டைப் பருவம் அறிவிக்கப்படும் வட அமெரிக்கா, ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்காண்டிநேவிய நாடுகள் முதலிய இடங்களில் இது தனியொரு காலணி வகையாக விற்கப்படுகிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்வதால் இப்பெயரில் அது அதிகம் அறியப்படவில்லை. எனினும் மலையேற்றத்துக்கு அணியப்படும் தோல் பூட்ஸின் அமைப்பும், அதில் தோன்றும் பழுதுகளும் பெரும்பாலும் இவையே.

நன்கு செய்யப்பட்ட ஒரு ஜோடி, அடிப்பகுதியை மட்டும் மாற்றி வந்தால், பத்து ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும். ஏறக்குறைய அதே விலையில் வாங்கிய இன்னொரு ஜோடி முதல் பருவத்திலேயே விரல் மடிப்பில் வெடிக்கலாம், அல்லது சோல் வாயைப் பிளக்கலாம். சாலையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, உறைபனியில் சோல் கழன்றால் நட்டம் பணத்தோடு நிற்பதில்லை. நனைந்த கால் குளிரில் மரத்துப்போவதும் பனிக்கடிக்கு உள்ளாவதும் அப்படித்தான் தொடங்குகின்றன. மேலும், உற்பத்தியாளரின் உத்தரவாதம் பொதுவாகச் செய்முறைக் குறையை மட்டுமே ஏற்கும். தேய்மானத்தையோ பராமரிப்பின்மையையோ ஏற்காது. ஆகவே ஒரு பழுது எதனால் வந்தது என்பதை அறிவது வாங்கியவருக்குப் பயனுள்ளது.

தோலின் தரம்

மாட்டுத் தோலின் மேற்பரப்பில் நெருக்கமான, மெல்லிய நார்கள் உள்ளன. அதற்குக் கீழே தடித்த கொலாஜன் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தோலின் வலிமை பெரும்பாலும் இந்தக் கீழ்ப் பின்னலில் உள்ளது. நீரையும் உராய்வையும் முதலில் தாங்குவது மேற்பரப்பு. இரண்டும் சேர்ந்து இருக்கும் தோலே முழு மேற்பரப்புத் தோல் எனப்படுகிறது. முள் கீறல், பூச்சிக்கடி முதலிய தழும்புகளை மறைப்பதற்காக மேற்பரப்பைத் தேய்த்தெடுத்து, அதன்மேல் நிறமிப் பூச்சு ஏற்றிய தோலும் உண்டு. கடையில் இதுவே அழகாகத் தெரியும். ஆனால் மடியும் இடத்தில் அந்தப் பூச்சு முதலில் வெடிக்கிறது. வெடிப்பின் வழியே நீர் புகுந்துவிட்டால் எந்த மெழுகும் அதை முழுமையாக அடைப்பதில்லை. வேட்டைக்காரர் பார்க்க வேண்டியது தழும்பில்லாத தோலை அன்று. ஓரிரு தழும்பு தெரியும் தோல் பல நேரம் நல்ல அறிகுறியே.

ஒரே தோலிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. முதுகுப் பகுதியில் நார்கள் இறுக்கமாகவும், வயிற்றுப் பகுதியில் தளர்வாகவும் இருக்கும். விரல்களை மூடும் முன்பகுதியை முதுகுத் தோலிலிருந்தும், அதிகம் உழைக்காத நாக்குப் பகுதியை வயிற்றோரத்திலிருந்தும் வெட்டுவதே முறை. தோலைச் சிக்கனப்படுத்த முன்பகுதியையே வயிற்றோரத்தில் வெட்டினால், சில வாரங்களில் அங்கே கரடுமுரடான, தொளதொளத்த சுருக்கங்கள் விழும். இதை வாங்கும்போதே ஓரளவு கண்டுகொள்ளலாம்: பூட்ஸை விரல் பகுதியில் லேசாக மடித்துப் பார்த்தால் நல்ல தோலில் மெல்லிய, நெருக்கமான வரிகள் தோன்றி, விட்டவுடன் மறையும். தளர்ந்த தோலில் குழாய்போலத் தடித்த மடிப்பு எழும். ஒரு ஜோடியில் இடதும் வலதும் வெவ்வேறு விதமாகச் சுருங்கினால் இரண்டும் தோலின் வெவ்வேறு பகுதியிலிருந்து வந்தவை என்று ஊகிக்கலாம்.

காலுக்குப் பொருந்தாத அளவும் இதே சேதத்தைச் செய்யும். பூட்ஸ் நீளமாக இருந்தால் கால் மடியும் இடமும் காலணி மடிய வேண்டிய இடமும் ஒத்துப்போவதில்லை. மடிப்பு தவறான இடத்தில் ஆழமாக விழுந்து, அங்கேயே வெடிக்கிறது.

தையலும் சோலும்

முன்கூட்டியே வரும் பழுதுகளில் மிகுதியானவை தோலும் அடிப்பகுதியும் சேரும் கோட்டில்தான் தொடங்குகின்றன. இதற்கு வரலாற்றில் நன்கு அறியப்பட்ட சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த லியோன் லியோன்வுட் பீன், வேட்டைக்குச் சென்று கால் நனைந்து திரும்பியபின், ரப்பர் அடிப்பகுதியுடன் இலகுவான தோல் மேற்பகுதியைச் சேர்த்துத் தைக்கச் செய்தார். 1912ஆம் ஆண்டு இந்தப் பூட்ஸை அஞ்சல் வழியே விற்கத் தொடங்கினார். முதலில் விற்ற 100 ஜோடிகளில் 90 திரும்பி வந்தன. தோலும் ரப்பரும் சேர்ந்த இடம் பிரிந்துவிட்டிருந்தது. அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கடன் வாங்கி, இணைப்பைச் சீர்செய்து மீண்டும் விற்றார். எல். எல். பீன் நிறுவனம் இப்படித்தான் வளர்ந்தது. திருப்பித் தருவதற்குக் கால வரம்பே இல்லை என்ற அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற கொள்கை 2018ஆம் ஆண்டு ஓராண்டாகச் சுருக்கப்பட்டது.

தைக்கும்போது ஊசி போடும் ஒவ்வொரு துளையும் பொருளைச் சிறிது பலவீனப்படுத்துகிறது. துளைகள் மிக நெருங்கினால் தையல் கோடு தபால்தலையின் ஓரம்போல் ஆகி, இழுவிசையில் கிழியும். ஆகவே அதிகத் தையல் அதிக வலிமை என்பது பாதி உண்மைதான். இரட்டை, மும்மைத் தையல்கள் கணுக்காலின் பக்கவாட்டில் பயனுள்ளவை. விரல் மடியும் இடத்தில் தையலே இல்லாமல் ஒரே துண்டுத் தோல் வருவது மேல். பருத்தி நூல் ஈரத்தில் மக்கும் என்பதால் இப்போது நைலான், பாலியெஸ்டர் நூல்களே மிகுதி. அவை மக்குவதில்லை, ஆனால் பாறையிலும் காய்ந்த புதரிலும் உரசி அறுகின்றன. வெளியே துருத்தி நிற்கும் நூல் முதலில் போகும்.

சோலை இணைக்கும் முறைகள் பல. வெல்ட் முறையில் மேற்பகுதியைச் சுற்றி ஒரு தோல் பட்டை தைக்கப்பட்டு, அந்தப் பட்டையோடு சோல் தைக்கப்படுகிறது. சோல் தேய்ந்தால் இந்த இரண்டாம் தையலைப் பிரித்துப் புதியதை மாட்டலாம், மேற்பகுதி தொடப்படுவதில்லை. இந்த வகைப் பூட்ஸ் கனமானது, தொடக்கத்தில் விறைப்பானது. பசையால் மட்டும் ஒட்டப்பட்டவை இலகுவானவை, முதல் நாளே வசதியானவை. ஒட்டும் பரப்பைச் சரியாகச் சொரசொரப்பாக்காமலோ, பசை உலர நேரம் கொடுக்காமலோ ஒட்டியிருந்தால், விரல் நுனியிலோ குதிகாலிலோ ஓரம் எழும்பத் தொடங்கும். எழும்பிய ஓரத்தில் மண் புகுந்தால் பிளவு வேகமாகப் பெருகும்.

வெளிச் சோலில் இன்று காணும் ஆழ்ந்த ரப்பர் பற்கள் இத்தாலியரான விட்டாலே பிரமானியின் ஆக்கம். 1935ஆம் ஆண்டு ஆல்ப்ஸ் மலையில் அவருடன் சென்ற 6 பேர் இறந்த நிகழ்வுக்குப் பின் அவர் இம்முயற்சியில் இறங்கினார். 1937இல் வெளிவந்த அந்தச் சோலுக்கு அவர் பெயரிலிருந்தே விப்ரம் என்ற பெயர் அமைந்தது. அதற்கு முன் மலையில் பயன்பட்டவை இரும்பாணி அடித்த தோல் சோல்கள். ஆணிகள் குளிரைக் காலுக்குக் கடத்தின. காலப்போக்கில் கழன்று ஓட்டையும் விட்டன.

அலமாரியில் கெடும் பூட்ஸ்

வேட்டைப் பூட்ஸ் ஆண்டில் சில வாரங்களே நடக்கிறது. மீதி மாதங்கள் பெட்டியில் கிடக்கிறது. இதனால் பயன்படுத்தாமலேயே கெடும் விந்தை இக்காலணியில் அடிக்கடி காணப்படுகிறது. அதிர்ச்சி தாங்குவதற்காக நடு சோலில் பாலியூரித்தேன் நுரை வைக்கப்படுகிறது. பாலியெஸ்டர் அடிப்படையிலான பாலியூரித்தேனின் மூலக்கூறுப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஈரமே மெல்ல மெல்ல முறிக்கிறது. இது நீராற்பகுப்பு எனப்படும். வெப்பமும் ஈரப்பதமும் கூடிய இடத்தில் வேகம் அதிகம். வெளியே எந்த மாற்றமும் தெரியாது. சில ஆண்டுகள் கழித்து அணிந்து நடந்தால் ஒரு மணி நேரத்தில் நுரை ரொட்டித் தூளாக உதிர்ந்து, சோல் முழுதாகக் கழன்றுவிடும். தோல் புதிதுபோல் இருக்க, அடிமட்டும் இல்லாமல் போவதை விற்பனை மோசடி என்று கருதுவோர் உண்டு. உண்மையில் அது வேதிவினை. மூடிய பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு வைப்பது இதை விரைவுபடுத்தும். பழைய கையிருப்பைத் தள்ளுபடியில் வாங்குவோர் தயாரிப்பு ஆண்டைக் கேட்டறிவது நல்லது. நீண்ட இடைவெளிக்குப் பின் காட்டுக்குப் போகும் முன், சோலின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்தி, பூட்ஸை நன்றாக மடித்துப் பார்க்க வேண்டும். வெடிப்போ ஒட்டும் பிசுபிசுப்போ இருந்தால் அதை நம்பிப் போகக் கூடாது.

ஈரமும் நெருப்பும்

தோலைக் கெடுப்பதில் ஈரத்தைவிட, ஈரத்தை அவசரமாகப் போக்கும் சூடே கொடியது. பதனிடாத பச்சைத் தோல் நனைந்த நிலையில் ஏறக்குறைய 60 முதல் 65 டிகிரி செல்சியசில் சுருங்கிவிடும். மரப்பட்டை முதலிய தாவரப் பொருள்களால் பதனிட்டது அதைவிடச் சற்றுக் கூடுதல் சூட்டைத் தாங்கும். குரோம் முறையில் பதனிட்டது கொதிநீரையே தாங்கக்கூடியது. இதைக் கேட்டு, குரோம் தோல் பூட்ஸை நெருப்பருகே வைத்தால் ஒன்றும் ஆகாது என்று நினைப்பது தவறு. நார்களுக்கிடையே ஏற்றப்பட்ட எண்ணெய்ப் பொருள்களின் உதவியால்தான் தோல் வளைகிறது. கடும் சூட்டில் உலர்ந்தால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துவிடும். அடுத்த நாள் நடையில் மடிப்பு வெடிக்கும். சோலின் பசையும் அதே சூட்டில் இளகும். முகாமில் நனைந்த பூட்ஸை உள்சோலை எடுத்துவிட்டு, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, தாள் நனைய நனைய மாற்றி, நிழற்காற்றில் உலர்த்துவதே நல்லது. வேட்டைக்காரர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

எண்ணெய் விஷயத்தில் மிகுதியும் தீங்கு. தோல் உலர்ந்து நிறம் வெளுக்கும்போது மெல்லியதாக மெழுகு அல்லது கொழுப்புக் களிம்பு பூசினால் போதும். மாதந்தோறும் எண்ணெயில் ஊறவைத்த பூட்ஸ் தொளதொளத்து, கணுக்காலைத் தாங்கும் பிடிப்பை இழக்கும். சேறு, வியர்வை உப்பு, விலங்கின் இரத்தம் ஆகியவற்றைக் கழுவாமல் அவற்றின்மேல் மெழுகு பூசுவதும் பரவலான தவறு. அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டுவதாகவே அது முடியும்.

நீர்புகாச் சவ்வு ஒட்டிய உள்துணியுள்ள பூட்ஸில் கசிவு பெரும்பாலும் வெளியிலிருந்து தொடங்குவதில்லை. உள்ளே விழுந்த மணலும் புல்விதையும் குதிகாலில் அரைத்துச் சவ்வைத் துளைக்கின்றன. வெட்டாத கால் நகமும் இதையே செய்யும். மேற்பகுதியின் தோல் நன்றாக இருக்கும்போதே கால் நனைந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

பழுதின் காரணத்தைப் பிரித்தறிதல்

பழுது தோன்றிய இடமும் காலமும் காரணத்தைக் காட்டும். முதல் சில வாரங்களில் தையல் தானாகப் பிரிவது, லேஸ் கொக்கி பிடுங்கி வருவது, இரண்டு பூட்ஸிலும் ஒரே இடத்தில் சோல் எழும்புவது ஆகியவை செய்முறைக் குறைகள். ஒரு பூட்ஸில் மட்டும் நூல் அறுந்திருந்து, அருகே தோலும் கீறியிருந்தால் அது உராய்வு. மடிப்பில் தோல் விறைத்து, பல மெல்லிய வெடிப்புகள் வரிசையாக இருந்தால் சூடு அல்லது வறட்சி. பூச்சு மட்டும் செதிலாக உரிந்து கீழே சொரசொரப்பான நார் தெரிந்தால், மேற்பரப்பு தேய்த்தெடுத்த தோல். குதிகாலின் ஒரே ஓரம் தேய்வது நடையின் இயல்பு. அதற்கு உற்பத்தியாளரைக் குறைசொல்ல முடியாது. முறையிடுவோர், தேதியுடன் கூடிய படங்களைப் பழுது சிறிதாக இருக்கும்போதே எடுத்து வைப்பது உதவும். வீட்டுப் பசையால் ஒட்டிப் பார்த்தபின் அனுப்பிய பூட்ஸை ஏற்பவர் குறைவு.

சோல் மாற்றுவதற்கும் ஒரு நேரம் உண்டு. வெளிச் சோலின் பற்கள் மட்டம் ஆனவுடன் மாற்றினால் வெல்ட் பட்டை தப்பும். பட்டையே தேயும்வரை நடந்துவிட்டால் அதையும் புதிதாகத் தைக்க வேண்டும், செலவு கூடும். தோல் மடிப்பில் ஊடுருவி வெடித்த பூட்ஸுக்குப் புதுச் சோல் போடுவது வீண்.