புளிச்சட்டி வைத்த வட்டம்

எங்கள் ஊரின் பெயரிலேயே புளி இருக்கிறது. போன மாசியில் அந்தப் புளி என் மேசையிலும் வந்து குந்திக்கொண்டது. நாட்கணக்காகப் பாடுபட்டு, முகம் பார்க்கிற அளவுக்கு மினுக்கி வைத்திருந்த கல்மேசை. குழம்புக்குப் புளி கரைத்த சட்டியை அதன் நடுவில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போன மனைவி, அயல்வீட்டுக் கதையெல்லாம் முடித்து அரை மணித்தியாலம் கழித்துத்தான் வந்தாள். சட்டியின் அடி ஈரமாக இருந்திருக்க வேண்டும். எடுத்துப் பார்த்தால் மங்கலாக ஒரு வெள்ளை வட்டம். துணியால் துடைத்தேன், சவர்க்காரம் போட்டேன், போகவில்லை. கறை என்றால் போயிருக்கும். இது கல்லின் மேல்தோலைப் புளி தின்ற இடம்.

"இஞ்சாருங்கோ, புளிச்சட்டி வைக்க ஏலாதெண்டால் இது மேசையோ, கோயில் மூலஸ்தானமோ?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி ஊர்காவற்றுறைக்குப் போகிற வழியில் இருக்கிறது புளியங்கூடல். இங்கே மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் கல்லில்தான் படும். சுண்ணாம்புக்கல். குடாநாட்டுக்கும் தீவுகளுக்கும் அடியில் பரந்து கிடக்கிற பாறை இதுதான். மயோசீன் என்று சொல்லப்படுகிற காலத்தில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், ஆழம் குறைந்த கடலில் சிப்பியும் சங்கும் பவளமும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சிகளின் ஓடுகளும் படிந்து இறுகிய கல். இலங்கையின் இந்தப் பாறைகளைப் பற்றி வேலண்ட், டேவிஸ் என்ற இரண்டு வெள்ளைக்காரர் 1923இலேயே எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு அது வேலிக்கு அடுக்குகிற கல், சூளையில் வேக வைத்துச் சுண்ணாம்பாக்குகிற கல். காங்கேசன்துறையில் அதையே அரைத்துச் சீமெந்தாக்கினார்கள். மினுக்கிப் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் நினைத்ததாகத் தெரியவில்லை. நானும் நினைத்தவன் அல்ல. டோகாவில் பதினொரு வருடம் அடுத்தவன் வீட்டுத் தரைக்கு மார்பிள் மினுக்கிவிட்டு வந்தபிறகுதான், என் வளவில் கிடக்கிற கல்லை ஒருக்கால் தேய்த்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

மலசலகூடத்துக்குக் குழி வெட்டியபோது அந்தக் கல் கிளம்பியது. இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், அரையடித் தடிப்பு. பெரிய கல்லைத் தொடுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது எடையைக் கணக்குப் பார்ப்பது. ஒரு கன அடி சுண்ணாம்புக்கல் ஏறக்குறைய 70 கிலோ வரும். என் கல் 130 கிலோ. நாலு பேர், இரண்டு அலவாங்கு, உருட்ட மூன்று பனங்குற்றி. இதில் வீரம் காட்டினால் நாரி போய்விடும்.

அடுத்தது, இது என்ன கல் என்று உறுதி செய்வது. தேசிக்காய் ஒன்றை வெட்டி ஒரு துளி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு வகை, மார்பிளும் நுரைக்கும். கருங்கல் அசையாது. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கிற மோஸ் அளவில் சுண்ணாம்புக்கல்லுக்கு 3தான். கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் 7. அதனால் என் கல் கிரைண்டருக்குச் சீக்கிரம் இணங்கும். புளிக்கும் அதே வேகத்தில் இணங்கும் என்பதைத் தேசிக்காய் அன்றைக்கே சொல்லியிருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

கிரைண்டரைப் பற்றி ஒரு சங்கதி. ஜேர்மனியில் இருக்கிற என் மச்சான் அதை 'ஃபிளெக்ஸ்' என்றுதான் சொல்வான். அங்கே எல்லோருமே அப்படித்தான் சொல்கிறார்களாம். 1954இல் வேகமாகச் சுழலும் கைக் கிரைண்டரைக் கொண்டுவந்த ஜேர்மன் கொம்பனியின் பெயர் அது. அதே 1954இல்தான் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கொம்பனி ஆய்வுகூடத்தில் செயற்கை வைரம் செய்தது. இன்றைக்கு என்னைப் போன்றவன் கொட்டிலில் இருந்து கல் மினுக்குவதற்கு இந்த இரண்டும் வேண்டும். பேட் என்று நாங்கள் சொல்கிற வட்டத் தகடுகளில், பிசினுக்குள் அந்த வைரத்தின் தூள்தான் இருக்கிறது. வெல்க்ரோவில் ஒட்டிக் கழற்றலாம். 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்று இலக்கம் கூடக் கூடத் தூள் நுண்மையாகும். 100இல் உள்ள துணிக்கை ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. 3000இல் மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் ஐந்தாறு பங்கு.

கடையில் வாங்குகிற சாதாரண நாலு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுச் சுற்றும். அது வெட்டுவதற்கு. மினுக்குவதற்கு 2,000 முதல் 4,000 சுற்றுப் போதும். ஊருக்கு வந்த புதிதில் அவசரப்பட்டு வெட்டுகிற கிரைண்டரிலேயே பேட்டை மாட்டினேன். டோகாவில் மெஷின் கொம்பனியுடையது, இதைப் பற்றி யோசிக்கவே தேவையிருக்கவில்லை. இங்கே ஐந்து நிமிடத்தில் பிசின் உருகிக் கல்லில் மண்ணிறக் கோடு விழுந்தது. பேட் கழன்று பறந்து வேலி ஓரத்துப் பூவரசில் போய் நின்றது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கிரைண்டர், நடுவால் தண்ணீர் விடுகிற வகை, அதுதான் வேண்டும். விலை கூட. ஆனால் அதில் மிச்சம் பிடிக்கப் போனவன் பேட் வாங்கியே அழிந்து போவான்.

தண்ணீரும் கரண்டும் ஒரே கையில் இருக்கிற வேலை இது. 30 மில்லி அம்பியரில் விழுகிற ட்ரிப் சுவிச் இல்லாமல் தொடங்கவே கூடாது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர். உப்புத் தண்ணீரில் கரண்ட் இன்னும் தாராளமாக ஓடும். வயர் பொருத்துகிற இடத்தை நிலத்தில் போடாமல் கொட்டிலின் வளையில் கட்டித் தொங்கவிடுவேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும், வெட்கத்தைவிட்டு. சாரத்தோடு கிரைண்டர் பிடிக்கக் கூடாது. என் சாரத்தின் தலைப்பை அது ஒருமுறை இழுத்துச் சுருட்டியது. சாரம் அவிழ்ந்து போனதால் கால் தப்பியது. அன்றைக்கு வளவில் வேறு ஒருவரும் இல்லாதது இரண்டாவது அதிர்ஷ்டம்.

முதல் வேலை தட்டையாக்குவது. அதற்குக் கிண்ணம் போன்ற வைரச் சில்லு, எங்கள் பாசையில் கப் வீல். கல்லின் முகம் முழுவதும் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, பிறகு தேய்க்க வேண்டும். கோடு மிச்சம் இருக்கிற இடம் பள்ளம். முழுக்கோடும் அழியும்வரை அடுத்த இலக்கத்துக்குப் போகக் கூடாது. இதற்கும் 50ஆம் பேட்டுக்குமே எனக்கு ஒன்றரை நாள் போனது. எங்கள் கல்லில் சிப்பி இருந்த இடமெல்லாம் துளை. கல்லின் தூளையே வெள்ளைச் சீமெந்தில் குழைத்து அடைத்து, இரண்டு நாள் இறுக விட்டேன்.

டோகாவில் எனக்கு வேலை பழக்கியவர் ராஜஸ்தானின் மக்ரானாக்காரர். தாஜ்மகாலுக்குக் கல் போன ஊர். அவர் என் வேலையைப் பார்க்க வரும்போது முதலில் கேட்பது துணி. கல் ஈரமாக இருந்தால் 100இலேயே பளபளக்கும். கீறல் எல்லாவற்றையும் தண்ணீர் மூடிவிடும். துடைத்து, காயவிட்டு, டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். ஒரு பேட்டின் வேலை, முந்திய பேட் போட்ட கீறலை எடுத்துவிட்டுத் தன்னுடைய சின்னக் கீறலைப் போடுவது. இப்படியே கீறல் நுணுகி நுணுகி, ஒளியைச் சிதறடிக்க முடியாத அளவுக்கு வந்துவிட்டால் கல் கண்ணாடியாகிறது. 200இல் இருந்து 800க்குத் தாவினால் ஒரு மணித்தியாலம் மிச்சம் என்று நினைப்போம். 3000 முடித்து நிமிர்ந்து பார்த்தால் 200இன் கீறல் சிலந்தி வலையாக உள்ளே நின்று சிரிக்கும். பிறகு 200இல் இருந்து மறுபடி. எனக்கு இது டோகாவிலும் நடந்தது. பழகியவன் என்ற திமிரில் புளியங்கூடலிலும் நடந்தது.

மெஷின் இல்லாத காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள் என்று நினைத்தால் தலை சுற்றுகிறது. பீகாரில் பராபர் குன்றில், கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில், அசோகன் ஆசீவகத் துறவிகளுக்குக் குடைந்து கொடுத்த குகைகள் இருக்கின்றன. உட்சுவர் கண்ணாடி போல மின்னும். கல் என்னுடையதைப் போல 3 அல்ல, கருங்கல்.

தீவில் இந்த வேலைக்குப் பெரிய தடை தண்ணீர்தான். கடலால் சூழ்ந்த சுண்ணாம்புக்கல்லுக்குள் மழைநீர் ஒரு வில்லை போல உப்புநீருக்கு மேல் மிதக்கிறது. அதிகமாக இறைத்தால் உப்பு மேலே வரும். இங்கே நல்ல தண்ணீர் எவ்வளவு பெறுமதி என்பதற்கு ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே நிற்கிற கடற்கோட்டையே சாட்சி. 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது போர்த்துக்கேயர் குடிதண்ணீர் இல்லாமல்தான் அதைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்படிப்பட்ட இடத்தில் மேசை மினுக்க மோட்டரைப் போட்டு இறைத்தால் ஊர் என்ன சொல்லும்? அதனால் கல்லுக்குக் கீழே தகரம் விரித்து, வழிகிற தண்ணீரைப் பாதியாக வெட்டிய பரலில் பிடிக்கிறேன். இரவு தெளியவிட்டால் மேலே நிற்கிற தண்ணீர் மறுநாளுக்கு ஆகும். ஆனால் 50இன் தண்ணீரை 800க்குப் பாவிக்கக் கூடாது. அதில் மிதக்கிற ஒரு பெரிய துணிக்கை போதும், அரை நாள் வேலையைக் கீறிவிட. கடைசி மூன்று பேட்டுக்கும் பிடித்து வைத்த மழைத்தண்ணீர்தான். அடியில் தங்குகிற வெள்ளைச் சேற்றைக் கானுக்குள் ஊற்றிவிடாதீர்கள், கட்டிபட்டு அடைத்துக்கொள்ளும்.

தண்ணீர் இல்லாமல் காய்ச்சலாகத் தேய்த்தால் என்ன என்று கேட்கிற இளம்பிள்ளைகளுக்குத்தான் இது. சுண்ணாம்புத் தூசு மூச்சை அடைக்கும். கருங்கல் தூசு அதைவிடப் பொல்லாதது. அதில் உள்ள சிலிக்கா நுரையீரலில் போய்க் குந்தினால் திரும்ப வராது. சமையலறைகளுக்குப் போடுகிற செயற்கைக் குவார்ட்ஸ் கல்லில் சிலிக்கா 90 வீதத்துக்கு மேலும் இருக்கும். அதை வெட்டியவர்கள் சிலிக்கோசிஸ் வந்து விழுந்ததால் அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. முகத்தில் துணி கட்டினால் போதும் என்று நினைக்கக் கூடாது. தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும், முகத்தோடு பொருந்துகிற நல்ல மாஸ்க்கும் வேண்டும்.

என் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வளவு ஆச்சி ஒருநாள் அம்மியைக் கடகத்தில் வைத்து, பேரன் தலையில் ஏற்றிக் கொண்டுவந்தா. "தம்பி, இதையும் ஒருக்கா மினுக்கித் தா மோனை." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மி வேறு சாதிக் கல், கருங்கல். இந்தத் தீவில் விளையாதது, வெளியூரிலிருந்து வந்தது. அதோடு, அரைத்து அரைத்து மினுங்கிப் போன அம்மியில் மிளகாய் வழுக்குமே தவிர அரைபடாது. அதனால்தானே உளியால் பொளிவது. "ஆச்சி, இது ஏற்கெனவே மினுங்கித்தான் பழுதாப் போச்சு" என்று சொல்லி, உளியும் சுத்தியலும் எடுத்து நானே பொளிந்து கொடுத்தேன். பதினொரு வருடம் கல்லை வழுவழுப்பாக்கியே பழகிய கைக்கு அது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஒரு எச்சரிக்கை. கல்லில் ஆசை வந்துவிட்டது என்று கடலில் போய் முருகைக்கல் உடைத்துவிடாதீர்கள். சட்டப்படி குற்றம். நெடுந்தீவில் சாந்து இல்லாமல் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய மதில்கள் எவ்வளவு அழகு! அதில் ஒன்றை உருவிக்கொண்டு வருவதும் களவுதான். வளவைத் தோண்டினாலே கல் வருகிற ஊர் இது.

3000 முடிந்து, ஒக்சாலிக் அமிலம் கலந்த பசையைக் கம்பளி பேட்டில் தடவிக் கடைசிச் சுற்று விட்டேன். அது நஞ்சு, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. துடைத்தபோது பின்னேர வெயில் கொட்டிலுக்குள் வந்திருந்தது. பழுப்பு நிறக் கல்லுக்குள் சின்னச் சின்ன நட்சத்திரமாகப் பவளம், பிறைபிறையாகச் சிப்பியின் விளிம்பு. ஒரு மூலையில் குறுக்கே அறுபட்ட சங்கு ஒன்று, உள்ளறைகளெல்லாம் தெரிய, சுருள் சுருளாக. மலசலகூடக் குழிக்குள் இருந்து வந்த கல் இது என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. மனைவி அதைச் சொல்லவும் விடுவதில்லை.

புளி வட்டத்தை எடுக்கலாம். 400இல் இருந்து திரும்பத் தொடங்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் தேய்த்தால் பள்ளம் விழும், ஆகவே மேசை முழுவதும். இப்போது ஆவணி, கிணற்றில் வாளி அடியில் முட்டுகிறது. ஐப்பசி மழை வரட்டும் என்றிருக்கிறேன். அதுவரைக்கும் மனைவி புளிச்சட்டியைச் சரியாக அந்த வட்டத்துக்கு மேலேதான் வைக்கிறாள், விளிம்பு ஒரு நூல்கூட விலகாமல்.